என் அலுவலகக் கணினியிலிருந்து வைரஸ் பரவியதற்கு நான் பொறுப்பாவேனா?

கேள்வி: திருப்பூரில் பனியன் நிறுவனங்களுக்கு லேபிள் அச்சிட்டுத் தருகிறேன். ‘உங்களை ஒரு படத்தில் டேக் செய்திருக்கிறார்கள்’ என்று ஒரு சமூக வலைத்தளத்தின் பெயரில் வந்த மின்னஞ்சலையும் அதிலிருந்த ஜிப் கோப்பையும் எங்கள் கணக்கர் திறந்துவிட்டார். அன்றிரவே எங்கள் முகவரியிலிருந்து வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் அதே கோப்பு போயிருக்கிறது. தம் கணினிகள் முடங்கியதாக ஒருவர் நான்கு லட்ச ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியுள்ளார். போலீசிலும் புகார் தருவாராம். நான் குற்றவாளியா?

பதில்: இல்லை. உங்களிடம் புகுந்தது, தானாகவே பிற கணினிகளுக்குப் பரவும் ‘கணினிப் புழு’. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இல் அந்தச் சொல் கிடையாது என்றாலும், கணினியின் தரவுகளை மாற்றவோ அழிக்கவோ அனுப்பவோ, அதன் இயல்பான இயக்கத்தைக் கைப்பற்றவோ எழுதப்பட்ட எந்தக் கட்டளைத் தொகுப்பும் ‘கணினி மாசு’ என்று 43-ஆம் பிரிவின் விளக்கம் கூறுவதால், உங்களிடம் புகுந்தது அதற்குள் அடங்கும். அதைப் பரப்புவது 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்; ஆனால் நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தவருக்கே அது பொருந்தும். ஏமாந்த கணக்கரிடமும் உங்களிடமும் அந்த எண்ணம் இல்லை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைத் தண்டிக்கும் 66டி பிரிவு, முதல் மின்னஞ்சலை அனுப்பியவர் மீது பாய வேண்டியது. யாரேனும் 66ஏ என்று மிரட்டினால், அப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே செல்லாததாக்கிவிட்டது என்று சொல்லுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது இழப்பீட்டைப் பற்றித்தான். 43-ஆம் பிரிவு ‘புகுத்துபவர்’ என்பதோடு ‘புகுத்தச் செய்பவர்’ என்றும் கூறுகிறது. எண்ணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தானாகவே பரவிய நிரலை நீங்கள் ‘புகுத்தச் செய்தீர்கள்’ என்பது பொருந்தாது என வலுவாக வாதிடலாம் என்பதே என் கருத்து. கோரிக்கைத் தொகை ஐந்து கோடிக்குள் இருப்பதால் இவ்வழக்கை உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. தீர்ப்பளிக்கும் அதிகாரியான மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடமே போக வேண்டும். நான்கு லட்சம் எப்படி வந்தது என்பதற்கு நோட்டீஸ் அனுப்பியவர் பில்களைக் காட்டியாக வேண்டும்.

நீங்களும் ஏமாற்றப்பட்டவர் என்பதை நிரூபிக்கப் போவது அந்தக் கணினிதான். ‘ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்று பழுது பார்ப்பவர் சொல்வார், விடாதீர்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, வேலைக்குப் புதியது வாங்கிப் போடுங்கள். மின்னஞ்சலில் தெரியும் அனுப்புநர் பெயர், தபால் உறையின் மூலையில் எழுதும் முகவரியைப் போல, யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் எழுதக்கூடியது. தபால் முத்திரையைப் போன்ற தடயம் மின்னஞ்சலின் மறைந்திருக்கும் தலைப்பகுதியில், ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகளில் இருக்கிறது; அவற்றைக் கீழிருந்து மேலாகப் படித்தால் வந்த வழி தெரியும். எனக்கு அதை ஃபார்வர்டு செய்தால் அந்த வரிகள் போய்விடும் என்பதால், மூல வடிவிலேயே, இணைப்பைத் திறக்காமல் சேமியுங்கள். அச்செடுத்துத் தந்தால் மட்டும் போதாது. மின்னணுச் சான்றுகளுக்கு, இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில், கணினிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் நிபுணர் மறு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும்.

இத்தகைய சம்பவத்தை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறு நிறுவனங்களுக்கு, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. சட்டத்தில் இல்லாத ‘புழு’ அதன் பட்டியலில் வெளிப்படையாகவே இருக்கிறது. கெடு தாண்டியிருந்தாலும் இன்றே அனுப்புங்கள். கூடவே சைபர் கிரைம் காவல் நிலையத்தில் அந்த வாடிக்கையாளருக்கு முன்பாக நீங்கள் புகார் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். மற்ற வாடிக்கையாளர்களுக்கு, ‘எங்கள் பெயரில் வந்த அந்த மின்னஞ்சலை நாங்கள் அனுப்பவில்லை, இணைப்பைத் திறக்க வேண்டாம்’ என்று மட்டும் எழுதுங்கள். ‘எங்கள் தவறுக்கு வருந்துகிறோம்’ என்ற வழக்கமான வரி அதில் வேண்டாம். நாளை அதையே ஒப்புதலாகக் காட்டுவார்கள். நோட்டீசுக்கான பதிலை, புகார் ரசீதின் நகலோடு, அதில் குறித்த கெடுவுக்குள் வழக்கறிஞர் மூலம் அனுப்புங்கள்.