வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், இலவச இடம் இந்தப் பக்கம்: ரிட் போடலாமா?

கேள்வி: களியக்காவிளையில் ஆட்டோ ஓட்டுகிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து மனைவி வீட்டார் கொடுத்த இஞ்சிவிளை வீட்டில்தான் குடியிருக்கிறோம். அது பாறசாலை பஞ்சாயத்து, கேரளம். என் ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், அப்பா வீட்டு முகவரியில் இருக்கிறது; மூத்தவன் பெயரையும் அதில் சேர்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து களியக்காவிளைப் பக்கத்து மெட்ரிக் பள்ளிக்கு எழுநூறு மீட்டர்தான், வண்டி மீட்டரில் அளந்து பார்த்தேன். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளிகள் கட்டணமில்லாமல் தர வேண்டிய 25 சதவீத ஒதுக்கீட்டில் அவனுக்கு எல்.கே.ஜி. கேட்டோம். இருப்பிடம் சரியில்லை என்று நிராகரித்துவிட்டார்கள். "கேரளாவிலேயே போய்ச் சேருங்க" என்று தாளாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீசில் அலையவிட்டார்கள். போன வருடம் எங்கள் தெருப் பிள்ளை ஒன்றுக்கு அதே பள்ளியில் இடம் கொடுத்தார்கள். வருடா வருடம் விதியை இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள். களியக்காவிளையில் உள்ள சித்தப்பா வீட்டு முகவரிக்குப் பழைய தேதி போட்டு ஒரு வாடகை ஒப்பந்தம் தயார் செய்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டால் ஜெயிக்கலாம் என்கிறார் இ-சேவை மையம் நடத்தும் நண்பர். போடலாமா? இளையவளுக்கு ஒன்றரை வயது. அவளுக்கும் இதே பள்ளிதான் என்று நினைத்திருந்தோம்.

பதில்: போடாதீர்கள். அந்த ஒப்பந்தத்தைத் தொடவே தொடாதீர்கள்.

தாளாளர் பேசியது மரியாதைக்குறைவுதான். ஆனால் அதை மனுவில் எழுதினால் ஒரு பக்கம் கூடும், அவ்வளவுதான். பி.இ.ஓ. ஆபீஸ் அலைச்சலும் அப்படியே. தெருப் பிள்ளைக்குக் கிடைத்த இடத்தைத்தான் பெரிய ஆதாரமாக நினைக்கிறீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தவறாகக் கொடுத்திருந்தால், அதே தவறை எனக்கும் செய்யுங்கள் என்று எந்த நீதிபதியிடமும் கேட்க முடியாது. சரியாகக் கொடுத்திருந்தால், உங்களிடம் இல்லாத ஏதோ ஒன்று அந்தக் குடும்பத்திடம் இருந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு உதவாது.

விதி மாறுகிறது என்ற புகாருக்கும் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 38-வது பிரிவு விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு 2011-ல் விதிகளை வகுத்தது. தொடக்க வகுப்புக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவு, நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள், வயதுக் கணக்குக்கு ஜூலை 31 என்பதெல்லாம் சென்னையில் முடிவாகிற விஷயங்கள். தேதி, படிவம், சரிபார்ப்பு முறை ஆகியவற்றைப் பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் வழிகாட்டுதலாக வெளியிடுகிறது. பேரூராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் வேலை வேறு. தன் எல்லைக்குள் இருக்கும் பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், 32-வது பிரிவின்படி புகார் வந்தால் விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2025-26 சேர்க்கை, மத்திய நிதி வராத தகராறில் அக்டோபர் வரை இழுத்ததை நீங்களே பார்த்தீர்கள். "போன வருடம் இப்படி இல்லையே" என்பது உரிமை ஆகாது.

ஆக மிச்சம் இருப்பது ஒரே கேள்வி. விண்ணப்பித்த அன்று பிள்ளை எந்த வீட்டில் குடியிருந்தான்? உங்கள் ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்பது மட்டும் இதை முடிவு செய்யாது. கார்டு இருப்பிடத்துக்கு ஓர் ஆதாரம் மட்டுமே, அதுவே இருப்பிடம் ஆகிவிடாது. பதிலை உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

எழுநூறு மீட்டரை மறந்துவிடுங்கள். தூரத்தில் உங்களுக்குச் சிக்கலே இல்லை. 1956 நவம்பர் 1-ல் களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. அன்று போட்ட கோட்டின் அந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

சட்டத்தில் "அண்மைப் பகுதி" என்றுதானே இருக்கிறது, மாநில எல்லை என்று எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். வாதம் இருக்கிறது, மறுக்கவில்லை. இளம் வக்கீல் யாராவது அதை ஆசையாக எடுத்து நடத்தவும் செய்வார். ஆனால் நலிந்த பிரிவு எது, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு எது என்று அறிவிப்பது மாநில அரசு. அந்தப் பிள்ளைக்கான கட்டணத்தை 12(2) பிரிவின்படி பள்ளிக்குத் திருப்பிக் கொடுப்பதும் மாநில அரசு. பாறசாலையில் குடியிருக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுக் கஜானாவிலிருந்து பணம் கொடு என்று உத்தரவு வாங்க வேண்டும். வாங்கும்போது மகன் யு.கே.ஜி. முடித்திருப்பான். இந்த ஒதுக்கீடு பள்ளியின் நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். எல்.கே.ஜி. வயதைத் தாண்டிவிட்டால், அந்தப் பள்ளியில் நுழைவு வகுப்பு எல்.கே.ஜி. என்கிற வரைக்கும் கதவு மூடிவிடும். ஜெயித்த தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

இனி அந்த வாடகை ஒப்பந்தம். என்னிடம் வரும் எல்லைப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் விழுகிற குழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தாளைப் பாருங்கள். முத்திரைத்தாளின் பின்பக்கம் விற்பனையாளரின் முத்திரை இருக்கும். வரிசை எண், வாங்கியவர் பெயர், விற்ற தேதி எல்லாம் அதில் இருக்கும். முன்பக்கம் "மார்ச் முதல் தேதி" என்று டைப் அடித்திருப்பார்கள், பின்பக்கம் மே மாதம் விற்றதாக முத்திரை குத்தியிருக்கும். அரசு வழக்கறிஞர் தாளைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் வழக்கு முடிந்துவிடும். பழைய தேதியில் தாள் வாங்கித் தருகிறேன் என்று உங்கள் நண்பர் சொல்வார். அப்படியானால் விற்பனையாளரின் பதிவேடும் திருத்தப்பட்டிருக்கும், உங்கள் வழக்கில் அவரும் ஒரு குற்றவாளியாக வந்து சேர்வார். போலீஸ் கேட்டால் உங்களைக் காப்பாற்றுவாரா, தன்னையா?

சித்தப்பா உண்மையாகவே வீட்டுச் சொந்தக்காரர், அவரே கையெழுத்துப் போடுகிறார், பிறகு இது எப்படிப் போலி ஆகும் என்று கேட்பீர்கள். அவர் கையெழுத்து அவருடையதுதான், அதுமட்டும் உண்மை. தேதியும் பொய், குடியிருப்பும் பொய். பொய்யைக் காட்டி அரசுப் பணத்தில் ஒரு சலுகையைப் பெறுவது ஏமாற்று. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ல் ஏழு ஆண்டு வரை தண்டனை. வாடகையே வாங்காமல் பாசத்துக்காகக் கையெழுத்துப் போட்ட சித்தப்பாவும் கூண்டில் நிற்பார். குடும்பத்தில் அடுத்த பத்து வருடத்துக்கு எந்தக் கல்யாணத்துக்கு யார் வருவார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தோடு நிறுத்தினாலாவது பரவாயில்லை. ரிட் போட்டால் பிரமாணப் பத்திரம் வேண்டும். "மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவீர்கள். அந்த ஒரு வரிக்குப் பிறகு இது பள்ளிச் சேர்க்கை விவகாரம் அல்ல, நீதிமன்றத்திடம் சொன்ன பொய்ச் சாட்சியம். அதே சன்ஹிதாவின் 229-வது பிரிவு. நீதிபதி நினைத்தால் தானாகவே புகார் கொடுக்க உத்தரவிடலாம்.

கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நம்புகிறீர்களா? அரசுத் தரப்பின் பதில் மனு எப்படி வரும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். மனைவி பெயர் கேரள ரேஷன் கார்டில் இருக்கிறதா? மகன் பிறந்தது எந்த ஆஸ்பத்திரியில், பிறப்புப் பதிவு எந்த உள்ளாட்சியில்? தடுப்பூசி அட்டையில் எந்தச் சுகாதார நிலையத்தின் முத்திரை? இஞ்சிவிளைப் பக்கத்து அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து எழுதுகிற பதிவேடு ஒன்று இருக்கும். அதில் உங்கள் மகன் பெயருக்கு நேரே இரண்டு வருட எடையும் வரிசையாக இருக்கும். அங்கன்வாடி டீச்சரைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூட வேண்டாம், நகல் ஒன்று போதும். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தம் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் நடந்தது. கணக்கெடுப்புப் படிவத்தில் நீங்களும் மனைவியும் எந்த ஊர் முகவரிக்குக் கையெழுத்துப் போட்டீர்கள்? பாறசாலை என்றால் உங்கள் ரிட்டுக்கு எதிரான முதல் ஆவணமே உங்கள் கையெழுத்துதான். இரண்டு ஊரிலும் போட்டிருந்தால் அது தனித் தலைவலி, அதற்கு வேறு சட்டத்தில் ஓராண்டு வரை சிறை இருக்கிறது. அதை இந்தப் பள்ளி விவகாரத்தோடு கலக்காமல் முதலில் ஒரு பக்கப் பெயரை நீக்குங்கள்.

ஒருவேளை எதுவும் வெளியே வராமல் இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிம்மதி கிடையாது. இடம் கிடைக்காத இன்னொரு பெற்றோர் எழுதும் ஒரு பெட்டிஷன் போதும். இந்தப் பக்கத்தில் யார் எந்த வீட்டில் படுக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் வகுப்பில் விஷயம் உடைந்தால் அரசு அந்தப் பிள்ளைக்கான பணத்தை நிறுத்தும். பள்ளி கடந்த வருடங்களின் கட்டணத்தை உங்களிடம் மொத்தமாகக் கேட்கும். பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைக்க முடியாதுதான், கட்டண வசூலுக்கு அது கருவியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் சிவில் வழக்குப் போடுவதை யாரும் தடுக்க முடியாது. அந்த வழக்கில் நீங்கள் சொன்ன பொய்யே அவர்களுக்கு முதல் ஆதாரம்.

இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோர் இதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். இரண்டு மாநிலத்திலும் தாள் வைத்திருப்பது சாமர்த்தியம் என்று எல்லை ஊரில் ஒரு எண்ணம் உண்டு. 2017-ல் மருத்துவக் கலந்தாய்வில் இரண்டு மாநிலத்திலும் இருப்பிடம் காட்டியவர்கள் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மகனுக்குப் பதினேழு வயதாகும்போது எந்த மாநிலத்தான் என்று கேட்பார்கள். இன்று எல்.கே.ஜி.க்காக நீங்கள் போடும் ஒப்பந்தமும் அப்போது கோப்பிலிருந்து எழுந்து வரும்.

இதில் உங்களுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடியது என்ன? மகன் விஷயத்தில் சமரசம்தான். பள்ளி நிர்வாகத்திடம் மறுபடி போங்கள், இந்த முறை சண்டைக்கு அல்ல. ஆட்டோ ஸ்டாண்டில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற ஆள் நீங்கள், உங்களைத் தெரியாமல் இருக்காது. கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2009-ன் தமிழ்நாடு கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்க முடியாது. பள்ளிகள் கேட்கும் தொகைக்கும் குழு சொன்ன தொகைக்கும் இடைவெளி இருந்தால் பேரம் பேச உங்களுக்குக் கையில் பிடி கிடைக்கும். தவணை, சலுகை எதைக் கொடுத்தாலும் கடிதமாக வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம். கட்டுப்படியாகவில்லை என்றால் பாறசாலைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பதில் எந்த அவமானமும் இல்லை. அங்கே உங்கள் இருப்பிடத்தை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

பக்கத்தில் வேறு தனியார் பள்ளி பார்க்கிறேன் என்று கிளம்பினால் ஒன்று கவனியுங்கள். குமரி மாவட்டத்தில் சிறுபான்மைப் பள்ளிகள் ஏராளம். உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பின்படி அவற்றுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்துப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை பழைய நிலைதான்.

இளையவளுக்கு நேரம் இருக்கிறது. உண்மையாகவே களியக்காவிளைக்குக் குடிவர மனைவிக்குச் சம்மதமா என்று முதலில் பேசுங்கள், சட்டம் அதற்குப் பிறகு. சம்மதம் என்றால் சாமான்களோடு வாருங்கள். கேரள ரேஷன் கார்டில் மனைவி, பிள்ளைகள் பெயர் இருந்தால் நீக்கிவிட்டு அந்தச் சான்றோடு இங்கே சேருங்கள். இளையவளை இந்தப் பக்கத்து அங்கன்வாடியில் பதியுங்கள். வாக்காளர் பெயரை மாற்றுங்கள். சித்தப்பா வீட்டிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் அன்றைய தேதியில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள், வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள். வருமானச் சான்றும் இருப்பிடச் சான்றும் அதற்குப் பிறகு தாலுகா ஆபீசில் தானாக வரும். விண்ணப்ப அறிவிப்புக்கு இரண்டு வாரம் முன்னால் குடி மாறினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு வருடம் முன்னால் மாறுங்கள்.

நண்பர் ஏற்கெனவே முத்திரைத்தாள் வாங்கி வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. உங்கள் பெயரில் வாங்கியிருந்தால் எதுவும் எழுதாமல் உங்கள் கைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத தாளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் உரிய அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தால், ரூபாய்க்குப் பத்துப் பைசா கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.