மனைக்குத் தண்ணீர் வராது என்று வரைபடம் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: சுசீந்திரம் பக்கம் பழையாற்றை ஒட்டி 8 சென்ட் தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது. 2021 நவம்பர் மழையில் அங்கே தண்ணீர் ஏறியதாக அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். புரோக்கரோ சாட்டிலைட் தரவை வைத்துத் தயாரித்த வெள்ள அறிக்கை ஒன்றைக் காட்டுகிறார். மனையின் உயரம் 9.24 மீட்டர், வெள்ளம் 7 மீட்டரைத் தாண்டாது என்று அதில் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இந்த அறிக்கையை நம்பிக் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் எங்கே ஓடும் என்று கணக்குப் போடும் மென்பொருள் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதற்குக் கொடுத்த தரை உயரம் தப்பென்றால் விடையும் தப்புதான். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பலரும் எடுப்பது எஸ்ஆர்டிஎம். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்தது. 16 மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்ற வரையறையோடு எடுத்தார்கள். பின்னால் வந்த கோப்பர்நிக்கஸ் தரவுக்கு அந்த வரையறை 4 மீட்டர். சமவெளியில் பிழை இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் நாஞ்சில் நாட்டு வயல்வெளியில் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதை அரை மீட்டர் தீர்மானித்துவிடும்.

உங்கள் இடம் தோப்பு என்பது இன்னும் மோசம். ரேடார் அலை முழுக்க மண்ணைத் தொடுவதில்லை, பெரும்பகுதி ஓலையில் பட்டே திரும்பிவிடும். அந்த 9.24-ல் தென்னை எவ்வளவு, மண் எவ்வளவு என்று அந்த அறிக்கையால் பிரித்துச் சொல்ல முடியாது. பக்கத்து வயல் உள்ளபடி பதிவாகியிருக்கும், தோப்பு மட்டும் மேடாகத் தெரியும். வரைபடத்தில் உங்கள் மனை நனையாமல் நிற்பது இதனால்தான்.

இன்னொன்று, அந்தத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஓர் எண். உங்கள் 8 சென்ட் அதில் பாதிகூட இல்லை. ‘5 மீட்டர் துல்லியத் தரவு’ என்று சொல்லித் தனிக் கட்டணம் வாங்குகிறவர்களில் பலர் இதே இலவசத் தரவைக் கூறுபோட்டுத்தான் விற்கிறார்கள். கூறு சிறிதானால் புது அளவு எதுவும் வந்துவிடாது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருப்பதும் அப்படித்தான்.

சிலர் மனையில் நின்று ஜிபிஎஸ் கருவியைக் காட்டுவார்கள். அதிலும் கவனம் தேவை. திருத்தம் செய்யாத ஜிபிஎஸ், கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றாலே உயரம் மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே என்று காட்டும். புவியீர்ப்பு வேறுபாட்டால் நம் பக்கத்துக் கடல்மட்டம் ஜிபிஎஸ் கணக்கிடும் கற்பனைப் பரப்பைவிட அவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது. மனைக்கு ஒரு கணக்கு, ஆற்றுக்கு ஒரு கணக்கு என்று கலந்துவிட்டால் அந்த அறிக்கை குப்பைக்குத்தான்.

அப்படியானால் சாட்டிலைட் தரவு எங்குமே உதவாதா என்றால், உதவும். பேச்சிப்பாறை, திற்பரப்பு மாதிரி சரிவான இடங்களில் தண்ணீர் எந்தப் பக்கம் பாயும் என்று பார்க்க அது போதும். சரிவே பல பத்து மீட்டர் இருக்கும்போது இரண்டு மூன்று மீட்டர் பிழை திசையை மாற்றாது. ரப்பர் தோட்டமானாலும் சரி, மலை மலையாகத்தான் தெரியும். ஆனால் அங்கேயும் அதை வைத்துத் திசை சொல்லலாம், ஓடைக்கரையில் இருக்கும் ஒரு வீட்டு வாசல்படிக்குத் தண்ணீர் வருமா என்று சொல்ல முடியாது. சமவெளியில் இருக்கும் உங்களுக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

இதற்கெல்லாம் அரசிடம் சரியான தரை உயரம் கேட்டு வாங்கலாமே என்பீர்கள். சர்வே எண்ணுக்கு அரசு தரும் நில அளவு வரைபடமான புலப்படத்தில் நீள அகலம் இருக்கும், உயரம் இருக்காது. ஆண்டுதோறும் நிவாரணத்துக்குச் செலவழிக்க முடிகிறது, கிராமம் கிராமமாகத் தரைமட்டம் அளந்து மக்கள் பார்க்கும்படி வைக்க மட்டும் முடியவில்லை. வீடு கட்டுகிறவர் ஒவ்வொருவரும் தன் காசில் அளக்க வேண்டியிருப்பது அநியாயம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மனைக்குப் பக்கத்து வீடுகளில் 2021-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டுச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டோ லெவல் (மட்ட வித்தியாசம் அளக்கும் கருவி) வைத்திருக்கும் சர்வேயரைக் கூப்பிட்டு, அந்தக் குறிக்கும் உங்கள் மண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அளக்கச் சொல்லுங்கள். இதற்குக் கடல்மட்டமே தேவையில்லை, சென்டிமீட்டர் கணக்கில் விடை கிடைத்துவிடும். சர்வேயரை நீங்களே தேடுங்கள், புரோக்கர் கூட்டிவரும் ஆள் வேண்டாம். மண் அந்தக் குறிக்குக் கீழே இருந்தால், எவ்வளவு அடித்து உயர்த்த வேண்டும், அதற்கு எத்தனை லோடு மண் ஆகும் என்று கணக்குப் பார்த்து, அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.