காதுக்காக எழுதலாமா?

கேள்வி: என் முதல் துப்பறியும் நாவலை முடித்திருக்கிறேன். தட்டச்சு செய்யாமல், கைப்பேசியில் பேசிப் பேசியே எழுத்தாக்கினேன். இன்று பலரும் படிப்பதைவிடக் கேட்பதையே விரும்புவதால், ஒலிப்புத்தகத்துக்கு ஏற்றபடி முக்கியமான துப்புகளை அடுத்தடுத்த அத்தியாயங்களில் திரும்பவும் சொல்லியிருக்கிறேன். பதிப்பாளர் அனுப்பிய ஒப்பந்தத்தில் "அனைத்து உரிமைகளும்" என்று ஒரே வரி இருக்கிறது. முதல் புத்தகம்தானே என்று கையெழுத்திட நினைக்கிறேன். சரிதானே? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டுமே சரியில்லை. கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள். அதற்குள் நாவலை எடுத்து, கேட்பவருக்காகத் திரும்பச் சொன்ன இடங்கள் அத்தனையையும் நீக்கிவிடுங்கள்.

பேசி எழுதுவதில் உள்ள ஆபத்தை ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி அனுபவித்தே சொல்லியிருக்கிறார். டிக்டாஃபோனில் பேசிப் பதிவு செய்யும் வழக்கம் அவருக்கும் உண்டு. தட்டச்சு செய்வதிலும் கையால் எழுதுவதிலும் இருக்கிற சிரமமே தம்மை விஷயத்தை விட்டு விலகாமல் வைத்திருக்கிறது என்றும், கருவியிடம் பேசும்போது ஒரே செய்தியைச் சற்றே மாறிய சொற்களில் மறுபடி மறுபடி சொல்லத் தோன்றிவிடுகிறது என்றும், அவர் மறைந்த பின் 1977-இல் வெளியான தன்வரலாற்றில் எழுதுகிறார். துப்பறியும் கதைக்கு 50,000 சொற்களே சரியான அளவு, பதிப்பாளர்களுக்குத்தான் அது போதவில்லை என்பதும் அவருடைய கருத்து. நீங்கள் ஒலிப்புத்தகத்துக்கான உத்தி என்று நினைத்திருப்பது, பெரும்பாலும் பேசி எழுதியதால் தானாக வந்து சேர்ந்த பழக்கமாகவே இருக்கும். இரண்டு பக்கங்களைக் கையால் திரும்ப எழுதிப் பாருங்கள். எவ்வளவு உதிர்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

துப்பை இரண்டாம் முறை சொன்ன அந்தக் கணத்திலேயே அது துப்பு என்று காட்டிக் கொடுத்துவிடுகிறீர்கள். வாசகரின் கண்முன் வைத்தும் அவர் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து போகும்படி செய்வதுதான் இந்த எழுத்தின் முழுத் திறமையும். கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலில் ஓர் இடத்தைச் சொல்கிறேன். எட்டு நாற்பதுக்கு ஒரு கடிதம் அறைக்குள் கொண்டுவரப்படுகிறது. எட்டு ஐம்பதுக்கு ஒருவர் அந்த அறையை விட்டு வெளியேறுகிறார். கடிதம் அப்போதும் முழுவதும் படிக்கப்படாமலே இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களில் இரண்டு நேரங்கள், நடுவே பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நாவலை இன்னும் படிக்காதவர்களுக்காக இதற்கு மேல் சொல்லாமல் விடுகிறேன். கேட்பவர் மறந்துவிடுவாரே என்று அஞ்சி, இதே நேரக் கணக்கை அடுத்த அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தின் வாயில் மறுபடியும் வைத்திருந்தால் அந்த நாவல் பாதியிலேயே முடிந்து போயிருக்கும்.

காதால் கேட்பவருக்கு இப்படிப்பட்ட நுட்பம் எட்டாது என்று நீங்கள் சொல்லக்கூடும். இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் 1935 நவம்பரில் 'பேசும் புத்தகங்கள்' சேவையைத் தொடங்கியபோது, முதலில் இசைத்தட்டுகளாக அனுப்பிய இரண்டு நாவல்களில் ஒன்று இதே ரோஜர் அக்ராய்ட்தான். மற்றது ஜோசப் கான்ராட் எழுதிய 'டைஃபூன்'. முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களும் அந்தச் சேவையின் பயனாளிகளாக இருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஓடும் தட்டுகளில், ஒரு நாவல் முடிய ஏறத்தாழ பத்துத் தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார்கள். காதுக்கென்று எழுதப்படாத, பத்து நிமிட இடைவெளியில் உயிர் வைத்திருந்த ஒரு கதையையே அவர்களுக்குக் கொடுத்தார்கள். கேட்பவரைக் குறைத்து எடை போடுவதை இத்துடன் விட்டுவிடுங்கள். கேட்பதும் வாசிப்பே என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

காதுக்காக நீங்கள் செய்ய வேண்டிய வேலை வேறு. ரமேஷ், ரகேஷ், ராஜேஷ் என்று மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தால், பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வழியில்லாதவர் திணறிப் போவார், பெயர்களை மாற்றுங்கள். யார் பேசுகிறார் என்பது நீண்ட உரையாடலின் கடைசியில் வந்தால், ஒலிப்பதிவுக்காகப் படிப்பவர் எதை நம்பிக் குரலை மாற்றுவார்? இவற்றைவிடக் கடினமானது கொலையாளியை மறைக்கும் இடம். "அந்த உருவம் சுவரோரமாக நகர்ந்தது" என்று அஃறிணையில் எழுதி, ஆணா பெண்ணா என்று தெரியாமல் தாளில் தப்பித்துவிடலாம். அதே உருவம் தொலைபேசியில் இரண்டு வாக்கியம் மிரட்டினால், ஒலிப்பதிவில் அதற்கு ஏதேனும் ஒரு குரல் வந்தே தீரும். படிக்கும் கலைஞர் தம்மை அறியாமல் குற்றவாளியின் குரலைக் கொடுத்துவிட்டால் கதை அங்கேயே அவிழ்ந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களைக் குறித்து வைத்து, பதிவுக்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

அப்படி உட்கார வேண்டுமானால் ஒலி உரிமை பற்றி முடிவெடுப்பதில் உங்களுக்கும் இடமிருக்க வேண்டும். இங்கேயும் கிறிஸ்டியின் முதல் நாவலே பாடம். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு பதிப்பாளர் ஜான் லேன் அதை ஏற்றுக்கொண்டதும், புத்தகம் வந்தால் போதும் என்ற மகிழ்ச்சியில் கிறிஸ்டி கையெழுத்திட்டார். முதல் 2,000 பிரதிகளுக்கு ராயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்குச் சேரும் பங்கு) கிடையாது. அடுத்த ஐந்து நாவல்களும் அதே பதிப்பகத்துக்கே. அந்தப் புத்தகத்தால் அவர் கண்ட பணம் 25 பவுண்டு, அதுவும் தொடர்கதை உரிமை விற்றதில் கிடைத்த பாதிப் பங்கு. அச்சுப் பிரதி தராததை ஒரு துணை உரிமை தந்தது. உங்கள் ஒப்பந்தத்தின் ஒற்றை வரி விழுங்குவது இத்தகைய துணை உரிமைகளைத்தான்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 19-ஆம் பிரிவில், எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவற்றை ஒப்பந்தம் குறிப்பிட வேண்டும் என்கிறது. காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஒப்பந்த நாளில் வணிகப் புழக்கத்தில் இல்லாத வடிவங்கள், பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலொழிய அதில் அடங்கா என்று 2012-இல் திருத்தமும் வந்தது. ஆனால் ஒலிப்புத்தகம் ஏற்கெனவே விற்பனையில் இருப்பதால், அந்தத் திருத்தம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்காதீர்கள். அச்சு உரிமையை மட்டும் பெயர் சொல்லி, ஆண்டு சொல்லிக் கொடுங்கள். பதிப்பாளர் ஒலி உரிமையும் வேண்டும் என்றால் தனி ராயல்டி விகிதம், ஓராண்டுக்குள் பதிவு செய்து வெளியிடாவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பும் என்ற விதி, படிப்பவரைத் தேர்ந்தெடுக்க உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம், செயற்கைக் குரலைப் பயன்படுத்தவும் அதே சம்மதம் ஆகியவற்றைத் தனிப் பத்தியாகச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதற்கு ஆகும் கட்டணத்தைப் புத்தகச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.