பாக் நீரிணையில் இழுவைமடி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அண்ணே, நம் பாட்டன் பூட்டன் மீன்பிடித்த கடல்தானே? எல்லை தாண்டினால் என்ன தப்பு? (ராமநாதபுரம்)

பாட்டன் காலத்தில் பாய்மரத்தில் போனார்கள் தம்பி. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக்கோடு போடும்வரை இரு கரையாரும் கலந்தேதான் தொழில் செய்தார்கள். இன்று போவது இழுவைமடி கட்டிய விசைப்படகு. அந்த மடி, அதாவது படகு இழுத்துப்போகும் பை வலை, கடலடியைச் சுரண்டி, குஞ்சு மீன்வரை அள்ளிவிடும். நம் பக்கத்தை அப்படி அரித்த பிறகுதான் இறால் தேடி அந்தப் பக்கம் போக வேண்டியதாயிற்று. இலங்கை 2017இல் தன் மீனவர்களுக்கும் சேர்த்தே இழுவைமடியைத் தடை செய்துவிட்டது.

அண்ணை, ராவில வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகினம். எங்கட நட்டத்தை ஆர் கேக்கிறது? (பருத்தித்துறை, இலங்கை)

உங்கள் கோபம் நியாயமானது. போர்க்காலத்தில் பெரும்பாலும் உங்களைக் கடலில் இறங்கவிடவில்லை. அப்போது எங்கள் படகுகள் தடையில்லாமல் வந்து பழகிவிட்டன. 2009க்குப் பிறகு நீங்கள் கடன் வாங்கி வலை போட்டால், ஒரே இரவில் அது போய்விடுகிறது. 2011 பிப்ரவரியில் வடபகுதி மீனவர்களே கடலில் சுற்றிவளைத்து, தமிழ்நாட்டு மீனவர் நூறு பேருக்கு மேல் பிடித்துப் போலீஸில் ஒப்படைத்தார்கள். ஒரே மொழி பேசுகிறவர்கள் கடலில் இப்படி எதிரெதிராக நின்றதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. பாதுகாப்பு என்று ஏன் பெரிதாக்குகிறீர்கள்? (சென்னை)

உயிர் போகிறதே! 2021 ஜனவரியில் இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதிய சம்பவத்தில் கோட்டைப்பட்டினம் படகில் போன நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜூனில் நம் படகு ஒன்றைப் பிடிக்கும்போது அவர்களுடைய கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். அந்த ஒரே ஆண்டில் கைதானவர்கள் 500க்கும் மேல். அப்புறம், ஒரே இரவில் நூற்றுக்கணக்கான படகுகள் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது, கஞ்சாவும் பீடி இலையும் ஏற்றிய படகு எது என்று ரோந்துக்காரர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

கச்சத்தீவு திரும்பக் கிடைத்தால் தீருமா? (மதுரை)

தீராது. படகுகள் கச்சத்தீவைத் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம், இன்னும் அப்பால்கூடப் போகின்றன. எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலும் மடி அதே மடிதான்.

ஆழ்கடலுக்குப் போகச் சொல்லலாமே? (நாகப்பட்டினம்)

சொன்னார்கள். 2017இல் தொடங்கிய திட்டத்தில் 2,000 இழுவைப்படகுகளைச் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுகளாக மாற்றுவதாக இருந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம், அதில் 56 லட்சம் மானியம். ஆனாலும் வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம்தான். ராமேஸ்வரத்தில் காலையில் போய் மறுநாள் காலை கரைக்கு வந்துவிடுவார்கள். ஆழ்கடல் என்றால் வாரக்கணக்கில் தங்க வேண்டும். தொழிலே வேறு, மீதிப் பணத்துக்குக் கடனும் வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், முதலில் பழைய படகை நல்ல விலைக்கு அரசே வாங்கி உடைக்க வேண்டும், கூலிக்குப் போகிற ஆட்களுக்குத் தூண்டில் தொழிலைச் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தர வேண்டும். சிறைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கூலியாட்கள்தான்.