தலையைத் திறக்காமல் ஒலி அலையாலேயே கை நடுக்கத்தைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். என் அப்பாவுக்குச் செய்தோம். உங்கள் வீட்டிலும் யாரோ தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘கத்தியில்லை’ என்ற ஒரே வார்த்தையை நம்பிப் போய்விடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் போனோம்.

அப்பாவுக்கு இருந்தது எசென்ஷியல் ட்ரெமர். சும்மா இருந்தால் கை அடங்கியிருக்கும், எதையாவது எடுத்தால் ஆடும். குடிப்பழக்கம் என்று பேசிய சொந்தக்காரர்கள் உண்டு. மாத்திரை பல வருடம் ஓடியது.

முதலில் சி.டி. ஸ்கேன். மண்டை ஓட்டின் அடர்த்தி ஒத்துவராதவர்களை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மொட்டை. அதற்கு மேல் ஒரு சட்டத்தை நான்கு திருகு வைத்து மண்டையோடு இறுக்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டும் அப்பா பல்லைக் கடித்தார். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம்!

எம்.ஆர்.ஐ.க்குள் 1,024 ஒலி மூலங்கள் உள்ள கவசம், தலைக்கும் அதற்கும் நடுவே குளிர்ந்த நீர். ஓர் அலை தனியாக ஒன்றும் செய்யாது. பூதக்கண்ணாடியில் வெயில் குவிகிற மாதிரி எல்லாம் கூடுகிற இடம், மூளைக்குள் தாலமஸ் என்ற பகுதியில் ஒரு சின்னப் புள்ளி, அது மட்டும் சூடாகும். முதலில் லேசான சூடு வைத்து இடம் சரிதானா என்று பார்ப்பார்கள். பிறகு 55 டிகிரிக்கு மேல் ஏற்றி அந்தத் திசுவை நிரந்தரமாகச் சாகடிப்பார்கள். முழு மயக்கம் கிடையாது. நடுநடுவே சுருள் வரையச் சொன்னார்கள். முதல் தாளில் முள்கம்பி, கடைசித் தாளில் நத்தை ஓடு. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

‘விளம்பரமா?’ என்று கேட்கப்போகிறவர்களுக்கு: நான் மருத்துவரும் இல்லை, எனக்குக் கமிஷனும் இல்லை. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. இதை ஒரு பக்கத்துக்கு 2016-லேயே அனுமதித்துவிட்டது. இன்னொரு கைக்காக மூளையின் மறுபக்கத்திலும் செய்ய 2022-ல்தான் அனுமதி, அதுவும் குறைந்தது ஒன்பது மாதம் இடைவெளி விட்டு. அப்பாவுக்கு வலது கை மட்டும்தான் செய்தோம், இடது கை இன்னும் ஆடுகிறது. இரண்டு மாதம் உதடு மரத்திருந்தது, நடையும் தள்ளாடியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நடுங்கிய காலத்தில் கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் நடுங்கிய கையெழுத்தையே மாதிரியாகப் பதிந்துவிட்டு வந்தோம். போன வாரம் அப்பா நேர்க்கோடு மாதிரி கையெழுத்துப் போட்டார். பொருந்தவில்லையாம்.