வருடக் கணக்கில் டைரி எழுதுகிறவர்களே, பழசை எடுத்துப் படித்தால் உண்மையில் ஏதாவது கிடைக்கிறதா? இல்லை, வீண் வேலையா? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்.

என்னிடம் இருபத்தாறு டைரி இருக்கிறது. 1994-ல் தொடங்கியது. கணக்குப்படி முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும். நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகு ஊரில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஒரு கட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. கிலோ என்ன விலைக்குப் போட்டார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டைதான் வரும்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்யும்போது மிச்சமிருந்ததை இறக்கி, தூசி தட்டி, முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன். அதனால் இந்தக் கேள்விக்குச் சூடாகவே பதில் சொல்ல முடியும். கிடைக்கிறது. ஆனால் எதைப் பத்திரமாக எழுதி வைத்ததாக நினைத்திருந்தேனோ அது கிடைக்கவில்லை.

முதல் டைரி, எண்ணெய் ஏஜென்ட் ஒருவர் புது வருஷத்துக்கு அப்பாவுக்குக் கொடுத்தது. அப்பாவுக்குக் கோவில்பட்டியில் பலசரக்குக் கடை. ரெக்சின் அட்டை, முன்பக்கங்களில் வட்டி வாய்ப்பாடு, தபால் கட்டணம், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ராகு காலம், எமகண்டம். நான் அப்போது பிளஸ் ஒன். ஜனவரி முழுக்கப் பக்கம் வழிய எழுதித் தள்ளியிருக்கிறேன். முக்கால்வாசி, ஒரு தோழி என்னோடு பேசாமல் போனது பற்றி. பதினொரு பக்கம்! "இன்று அவள் சொன்ன வார்த்தையைச் சாகும்வரை மறக்க மாட்டேன்" என்று இரண்டு அடிக்கோடு வேறு. என்ன வார்த்தை என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. சுத்தமாக மறந்துவிட்டது.

அதே ஜனவரியில், பக்கத்தின் அடியில் இடம் மிச்சமிருந்ததால் எழுதிய வரி இது: "தண்ணி வந்தது. ராத்திரி 2 மணி. 11 குடம். அண்ணன் எந்திரிக்கவே இல்லை."

அந்தக் காலத்துக் கோவில்பட்டிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். குழாயில் தண்ணீர் என்பது நாள் கணக்கில் காத்திருக்கும் சங்கதி. வந்தால் தெருவே எழுந்துவிடும். அந்த வரியைப் படித்ததும் பிளாஸ்டிக் குடத்தைச் சிமெண்டுத் தரையில் இழுக்கும் சத்தம் காதில் கேட்டது. அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பேசாமல், கையாலேயே "அடுத்த குடம்" என்று சைகை காட்டுவது தெரிந்தது. பதினொரு பக்க அழுகையில் ஒரு முகம்கூடத் தெரியவில்லை.

சரி, இதைவிடப் பெரிய அடி அடுத்த டைரிகளில் காத்திருந்தது.

1998 முதல் 2001 வரை ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினேன். (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கட்டையில் தீக்குச்சி அடுக்குகிறவர்களும் "ஆபீஸுக்குப் போறேன்" என்றுதான் கிளம்புவார்கள்.) அந்த வருடங்களின் டைரியைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாசகம்: "வழக்கம் போல." 1999-ல் மட்டும் எண்ணிப் பார்த்தேன், நூற்று நாற்பதைத் தாண்டியது. நடுவில் அலுத்துப்போய் "வ.போ." என்று சுருக்கியிருக்கிறேன். ஆகஸ்டில் ஒரு வாரம் வெறும் மேற்படிக் குறிதான்.

அந்த வழக்கம் என்ன? அதுதான் இப்போது எனக்குத் தெரியவில்லை. எத்தனை மணிக்குப் போனேன், மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம், சனிக்கிழமை கூலி போடும்போது சில்லறைக்கு என்ன செய்தோம், எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் நடந்ததால் ஒரு நாள்கூட எழுதவில்லை. அப்போது என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவருக்குப் போன் போட்டேன். "வேப்பமரத்தடியில சாப்பிடுவோம்ல, மறந்துட்டியா?" என்றார். எனக்கு வேப்பமரமே ஞாபகம் இல்லை. பண்டல் அடுக்கிய அறையின் வாசல்படிதான் ஞாபகம். அவர் மரம் என்கிறார், நான் படி என்கிறேன். தீர்த்துவைக்க வேண்டிய டைரியோ "வ.போ." என்கிறது.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736 முதல் 1761 வரை, சாகப்போகும் மாதம் வரை, தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்தது, போனது, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, ஊரில் உலவிய வதந்தி, யார் யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். அவரைச் சரித்திரத்துக்காகப் படிக்கிறார்கள். எனக்கு என்னவோ அவர் ஒரு நல்ல வியாபாரியாகத்தான் தெரிகிறார். சரக்குப் பட்டியலில் "வழக்கம் போல" என்று யாராவது எழுதுவார்களா?

கணக்கு எழுதுகிற கை என்பதால் விலையை மட்டும் நானும் விட்டுவைக்கவில்லை. தீப்பெட்டி 25 காசிலிருந்து 50 காசானது 1995-ல். 2007-ல் ஒரு ரூபாய். அப்புறம் 2021 டிசம்பர் 1-லிருந்து இரண்டு ரூபாய். மூன்றுமே என் டைரிகளில் இருக்கின்றன. மூன்றாவதை எழுதும்போது நான் அந்தத் தொழிலை விட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. "பெட்டி 2 ரூவா ஆயிருச்சாம்" என்று ஊரிலிருந்து தங்கச்சி போன் செய்து சொல்லியிருக்கிறாள்.

தங்கச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. 2002-ல் என் கல்யாணத்தன்று மழை கொட்டியது, பந்திப் பந்தல் ஒழுகியது, பாயசத்தில் மழைத்தண்ணி விழுந்தது என்று என் மகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் எழுதிய குறிப்பில் "ஒரே புழுக்கம், பட்டுப்புடவை நனைந்துவிட்டது வியர்வையில்" என்றிருக்கிறது. மழை பெய்தது தங்கச்சி கல்யாணத்தில். இருபது வருடமாக அவளுடைய மழையைத் திருடி வைத்திருந்திருக்கிறேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

2012 டைரியில் பாதிப் பக்கங்கள் கரண்ட் கணக்கு. அந்த வருட மின்வெட்டை மதுரையில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். "6-7 இல்லை, 8-9 இல்லை, 10-க்கு வந்தது" என்று ரயில் நேரம் மாதிரி எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் மெழுகு சொட்டி, எழுத்தின் மேல் உறைந்து கிடக்கிறது. அதன் கீழே: "மூன்று மணிக்கு எழுந்து மாவு ஆட்டினேன். பக்கத்து வீட்டிலும் கிரைண்டர் சத்தம்."

2016 நவம்பர் 8 பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாப்பாவுக்குக் கணக்குப் பரீட்சை, முருங்கைக்காய் விலை என்று சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கிறது. முடித்துக் கையெழுத்துகூடப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே இடமில்லாத இடத்தில் நுணுக்கி நுணுக்கி: "500, 1000 செல்லாதாம். டிவியில். அரிசி டிரம்." அந்த 'அரிசி டிரம்' என்பது என் சிறுவாடு. பதினான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு, அவருக்குத் தெரியாமல் நான்கு வருடம் சேர்த்தது. இரண்டு நாள் கழித்து வங்கி வரிசையில் நிற்க அவரைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அவர் கேட்டது, "இன்னும் எந்தெந்த டிரம்ல இருக்கு?"

2020-ல் பார்த்தால் எல்லாப் பக்கமும் நிறைந்திருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே போகாத வருடம், எழுத ஒன்றுமே இல்லாத வருடம், அதில்தான் ஓரம்வரை எழுதியிருக்கிறேன். மார்ச் 24-ல் ஊரடங்கு அறிவித்த மறுநாளிலிருந்து என்ன சமைத்தேன், யார் எந்த மூலையில் உட்கார்ந்தோம், காய்கறி வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எல்லாம் இருக்கிறது. வழக்கம் இல்லாமல் போனதும்தான் அது கண்ணில் பட்டது போலிருக்கிறது.

வீண் வேலையா என்று கேட்டீர்கள். இனிமேல் எழுதப்போகிறவராக இருந்தால் ஒன்று சொல்வேன். மனசு சரியில்லை என்று எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; கூடவே அன்றைக்கு என்ன குழம்பு என்றும் எழுதிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். நேற்றைய பக்கத்தில் ஒரு மனக்கஷ்டமும் புளிக்குழம்பும் இருக்கின்றன.

1994 டைரிக்கே திரும்ப வருகிறேன். ஜனவரியில் வழிய வழிய எழுதியவள் பிப்ரவரியில் நாலு வரிக்கு வந்து, மார்ச்சோடு நிறுத்திவிட்டேன். காலியாகக் கிடந்த ஏப்ரல், மே பக்கங்களை அம்மா எடுத்து பால் கணக்கு எழுதியிருக்கிறார். தேதிக்கு ஒரு எண். "1". விருந்தாள் வந்த நாளில் "1½". வேறு எதுவும் இல்லை. அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் கையெழுத்து என்று எங்களிடம் இருப்பது இந்த இரண்டு மாதம்தான்.

மே மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து கோடு போட்டிருக்கிறது. பால் வாங்கவில்லை. எங்கே போயிருந்தோம்? எனக்கு ஞாபகம் இல்லை. தங்கச்சியைக் கேட்டேன். "திருச்செந்தூர்க்குப் போனோம்ல, கடல்ல செருப்பை விட்டேனே" என்றாள், அடித்துச் சொன்னாள். அண்ணனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கயும் போகல. கடைல வியாபாரம் படுத்திருந்துச்சு. பால்காரருக்குப் பாக்கி நின்னுபோச்சு, அவரு ஊத்தமாட்டேன்னுட்டாரு" என்றான்.

நான்காம் நாள் "½" என்று இருக்கிறது. அடுத்த பத்து நாளும் "½"தான். மே கடைசித் தேதியில் திரும்ப "1".