டி-ஷர்ட்டில் போட்ட மயில் சுருங்கினால்

தைப்பூசத்துக்காகப் பையனின் டி-ஷர்ட்டில் எம்பிராய்டரி மெஷினில் மயில் போட்டீர்கள், சுற்றிலும் துணி சுருங்கிவிட்டது, மெஷின் கெட்டுப்போச்சோ என்று கேட்கிறீர்கள். மெஷின் மேல் பழி போடாதீர்கள். டி-ஷர்ட் இழுபடும் துணி. ஹூப்பில், அதாவது துணியைப் பிடிக்கும் சட்டத்தில், இழுத்து மாட்டினால் தைக்கும்போது அழகாகத்தான் தெரியும், கழற்றியதும் துணி பழையபடி சுருங்கும், தையல் சுருங்காது, அதுதான் கோளாறு. துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் ஸ்டெபிலைசரில், கிழித்தெடுக்கும் வகை இதற்குத் தாங்காது. கத்தரியால் வெட்டியெடுக்கும் வகையை ஹூப்பில் இறுக்கமாக மாட்டி, அதன்மேல் தற்காலிகப் பசை தெளித்து, டி-ஷர்ட்டை இழுக்காமல் ஒட்டுங்கள். ஊசி 75/11 அளவு, பால்பாயின்ட், அதாவது முனை உருண்டது. நானும் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சமையலறை மேசையில் தொடங்கியவள்தான், என் முதல் வேல் நெளிந்து பாம்பாகிவிட்டது, அந்தச் சட்டையை இன்னும் என் கணவர் வீட்டில் போட்டுக்கொண்டு திரிகிறார். அப்புறம், தோகையை நெருக்கமாக நிரப்பும் டிசைன் வேண்டாம், கோடுகளாக ஓடுவதைத் தேடுங்கள். முதலில் ஒரு பழைய டி-ஷர்ட்டில் ஓட்டிப் பாருங்கள்.